சம்பந்தியின் கோட்டுக்குள் புகுந்த குருவி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனாரின் ஆசிகள். நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். நாங்களும் இருக்கிறோம், சௌக்கியமா என்பதை மீதியைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

உங்கள் கல்யாணத்தன்று எனக்கும் உங்கள் அப்பாவுக்கும் தொடங்கிய வாய்த்தகராறு தீரட்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் எங்கள் இருவரையும் பறவை பார்க்க இந்தத் தீவுக்கு அனுப்பினீர்கள். குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே நாங்கள் சண்டை போட்டால் விலக்கிவிட யார் இருக்கிறார்கள் என்று யோசித்தீர்களா? காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு ஏறி இறங்குவது பழக்கம்தானே என்று நினைத்துப் படகில் உட்கார்ந்தேன். அலையில் படகு இறங்கியது, என் குடல் மட்டும் மேலேயே நின்றுவிட்டது. உங்கள் அப்பா நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் அல்லவா, நான் காற்றுக்கு எந்தப் பக்கம் திரும்பி வாந்தி எடுத்திருக்க வேண்டும் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். தங்கிய அறைக்கு ஒரே ஜன்னல். திறக்க வேண்டும் என்பது அவர் கட்சி, மூட வேண்டும் என்பது என் கட்சி, காற்று எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் ஜன்னல் கதவையே பிடுங்கிக்கொண்டு போனது, பிறகு என் மெத்தையைத்தான் அங்கே சாத்தினோம், நான் தரையில், அவர் கட்டிலில், குறட்டையும் அவருடையதே.

நேற்றுக் காலை வழிகாட்டிப் பெண் எங்களை மேட்டுப் பாறைக்குக் கூட்டிப்போனார். இலையுதிர் காலத்தில் குளிருக்குப் பயந்து வடக்கிலிருந்து கடல் தாண்டி வரும் சின்னப் பறவைகள் இங்கேதான் இறங்கி மூச்சு வாங்குமாம். அவற்றைப் பிடிக்க வல்லூறுகளும் பின்னாலேயே வருமாம். "வானத்தையே பாருங்க, பேசாம இருங்க" என்றார். பேசாமல் இருக்கும்படி உங்கள் அப்பாவிடம் சொல்கிறார், பாவம். இருந்த ஒரு பைனாகுலர் யார் கழுத்தில் தொங்குவது என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது, கட்டைவிரல் பருமனில் ஒரு குருவி கடலிலிருந்து தள்ளாடித் தள்ளாடி வந்து உங்கள் அப்பாவின் கோட்டுக்குள் நேராகப் புகுந்துவிட்டது. அதைத் துரத்திக்கொண்டு மேகத்துக்குள்ளிருந்து வல்லூறு வந்தது.

மாப்பிள்ளை, கீழே விழுவதைத் தடுத்து நிறுத்துவதுதான் என் பிழைப்பாக இருந்தது. விழுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். அது விழவில்லை, தன்னையே எறிந்துகொண்டது. துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். உங்கள் அப்பாவின் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் இறக்கையை விரித்துத் திரும்பி, எதிர்ப்பாறையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்தது. மஞ்சள் வளையத்துக்குள் கறுப்புக் கண். என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"சம்பந்தி, குடுத்துடுங்க. அதுக்கும் பசிக்கும்ல" என்றேன்.

"முடியாது சம்பந்தி" என்றார், கோட்டை இரண்டு கையாலும் அணைத்தபடி. "உள்ள அடிச்சுக்குது. எது என் நெஞ்சு, எது இதோடதுன்னே தெரியல."

அவர் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான். பைனாகுலர் புல்லில் கிடந்தது, இருவரும் எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து வல்லூறு எழுந்து போனது. கோட்டைத் திறந்தார், குருவி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தெற்கே பறந்தது. கோட்டுக்குள் அது விட்டுச்சென்றதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

இதனால் சமாதானம் ஆகிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். வல்லூறு பட்டினியாகப் போனதற்கு யார் பொறுப்பு என்று சாப்பாட்டு வேளைக்குள் தகராறு மறுபடி தொடங்கிவிட்டது. ஆகவே அடுத்த படகில் திரும்புகிறோம். கடிதம் கிடைத்ததும் துறைமுகத்துக்கு இரண்டு வண்டி அனுப்புங்கள், அதுவரை அங்கேயே காத்திருக்கிறோம். ஒரே வண்டியில் அவரோடு நான் வருவதாக இல்லை.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். தரையில் படுத்ததை உங்கள் மாமியாரிடம் சொல்ல வேண்டாம். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: வண்டி வேண்டாம். காற்று திசை மாறியிருக்கிறது, இன்று கழுகுகள் கூட்டமாகக் கடல் தாண்டும் என்கிறார் அந்த வழிகாட்டிப் பெண். படகில் கடிதம் மட்டும் வருகிறது. உங்கள் அப்பா விடிந்ததுமே பாறைக்குப் போய்விட்டார். எங்கள் இருவரையும் அந்தப் பெண்ணையும் தவிர வேறு யாரும் வராத அந்தப் பாறையில், எனக்குத் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்திருக்கிறாராம்.