கருவிழியில் ஓர் ஆள்மாறாட்டம்

1. இக்கடிதம் எழுதுபவன், புதுக்கோட்டையில் வசிக்கும் வீரய்யா மகன், வழக்கறிஞர் அடைக்கலம்; உனக்குத் தாய்மாமன்.

2. தெளிந்த புத்தியுடனும் எவர் தூண்டுதலுமின்றியும் எழுதுகிறேன். உன் அத்தை கண்ணாத்தாளின் தூண்டுதல் முழுவதும் இதற்கு எதிர்த்திசையில் உள்ளது.

மதுரையில் கண் மருத்துவராக விளங்கும் மருமகள் சத்யபிரியாவுக்கு: இடது கண் நீங்கலாக, மாமா நலம். உன் நலமும் மாப்பிள்ளையின் நலமும் அறிய ஆவல்.

கண்ணழுத்தத்திற்கு நீ எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தைச் சில நாள்களாக நிறுத்திவைத்துள்ளேன். காரணம் நீயே. "கண்ணுல ஊத்துனா தொண்டையில ஏன் ஆத்தா கசக்குது?" என்று தொலைபேசியில் கேட்டேன். "பெரும்பங்கு மூக்கோரத்துக் குழாய் வழியா எறங்கிரும் மாமா, கொஞ்சந்தான் கருவிழியத் தாண்டும்" என்றாய். கண்ணுக்கென வாங்கிய மருந்து தொண்டைக்குள் போவது, என் பார்வையில், அத்துமீறிய நுழைவு, அதையும் பொறுத்தேன். பிறகு, கருவிழிப் படலத்தின் மேலடுக்கு எண்ணெய்க்கு இணங்குவதையே எளிதில் விடும் என்றும், நடுவடுக்கு நீருக்கு இணங்குவதையே விடும் என்றும், ஆகவே இம்மருந்து எண்ணெய்க்கு இணங்கும் வால் ஒன்றை ஒட்டிக்கொண்டு நுழைகிறது, படலத்திலுள்ள நொதி அவ்வாலை வெட்டிய பின்பே வேலை செய்யத் தொடங்குகிறது என்றும் விளக்கிவிட்டு, "உள்ள போனதும் அது வேற ஆளாயிரும் மாமா" என்று சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. இறந்தவர் பெயரில் இன்னொருவர் வந்து கைநாட்டு வைத்து, வல்லத்திராக்கோட்டைப் புஞ்சையை விற்ற வழக்கை இப்போதுதான் நடத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு பெயரில் நுழைந்து, வேறு பெயரில் செயல்பட்டு, கடைசியில் கல்லீரலில் உருச்சிதைந்து சிறுநீர் வழியே தலைமறைவாகும் ஒன்றை எந்த நம்பிக்கையில் கண்ணுக்குள் விடுவது?

அது போதாதென்று, மருந்து ஊற்றிய இடது கண்ணில் மட்டும் இமைமயிர் நீண்டு கருத்துவிட்டது. நீதிமன்ற வாசல் டீக்கடை ஆரோக்கியதாஸ், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முன்னிலையிலேயே, "ஐயா ஒரு கண்ணுக்கு மட்டும் மை போட்டிருக்கீங்க, இன்னொன்னுக்கு அம்மா மறந்துட்டாங்களா?" என்றார். கண்ணாத்தாளிடம் முறையிட்டால், "மசுரு நீண்டா வெட்டிக்கிரலாம். கண்ணு போனா என்னத்த வெட்டுவீங்க?" என்கிறாள். வழக்கோடு தொடர்பற்ற பேச்சு.

எனினும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. "போன நரம்பு திரும்பாது மாமா" என்று நீ சொன்னது வந்து வந்து போகிறது. இதை எழுதும்போதே எழுந்துபோய், வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர் நாள்காட்டியைப் படித்தேன், படிக்க முடிந்தது, உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். எனவே, ஒரே பெயரில் நுழைந்து அதே பெயரில் பணியாற்றும் மருந்து இருப்பின் தெரிவிக்கவும். அதுவரை நிறுத்தம் தொடரும். அக்காளுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோயின்றி வளரட்டும்.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கப்போனபோது என் இடப்பக்கம் யாரோ இருமினார்கள். கண்ணாத்தாள்.

"எப்ப வந்தே?" என்றேன்.

"நீங்க புஞ்சைக் கதைய எழுதுறப்பவே வந்துட்டேன். தோளுக்குப் பக்கத்துலதான நின்னு படிக்கிறேன். தெரியலையா?"

நான் முகத்தை மறுபடி நாள்காட்டிப் பக்கம் திருப்பிப் பார்த்தேன்.

"தெரியலையாங்க?" என்று மறுபடி கேட்டாள். இம்முறை குரலில் கேலி இல்லை.

நேரே இருக்கும் நாள்காட்டி தெரிகிறது. பக்கத்தில் நின்றவள் தெரியவில்லை. மருந்து ஊற்றுவதற்காக நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கொடுத்தேன். மேற்கண்ட ஆட்சேபணைகள் அனைத்தையும் திரும்பப் பெறுகிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் இருவரும் மதுரை வருகிறோம். தபால் எங்களை முந்தாது என்பதால் இக்கடிதத்தை நேரில் சேர்ப்பிப்பேன். கண்ணாத்தாள் என் வலப்பக்கம் உட்காருவாள்.

(ஒப்பம்) அடைக்கலம்

சாட்சிகள்:
கண்ணாத்தாள், மனைவி (மருந்தை ஊற்றத் துணியாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடியவர்)
அன்புச்செல்வி, பக்கத்து வீடு (ஊற்றியவர்)