ஒரிஜினல் கூலிங் காயிலும் பெரியப்பாவின் வேட்டியும்

ஒன்றும் தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் கிடையாது. அவனிடம் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். அரைகுறையாகத் தெரிந்தவனை நாலு பேர் நிபுணன் என்று நம்ப ஆரம்பித்தால்தான் தொல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், கல்கத்தாவில் அப்படி நம்பப்பட்ட நிபுணன் நான்.

படிப்பைக் கேட்காதீர்கள். மூன்றாம் வகுப்போடு வாத்தியாரும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டோம். (அவருக்குத்தான் சந்தோஷம் கொஞ்சம் அதிகம்.) திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து, துறைமுக ஆபீஸில் பெரிய வேலையில் இருந்த ஒரு தமிழ் சாருக்கு டிரைவராகச் சேர்ந்தேன். சாருடைய அம்பாசடரில் ஏசி உண்டு. அந்தக் காலத்தில் அது யானை வளர்க்கிற மாதிரி. ஏசி ரிப்பேரான நாட்களிலும் நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டுதான் ஓட்டுவேன். வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு நான் குளிரில் மிதக்கிற மகாராஜா. உள்ளே இட்லிச் சட்டியில் வேகிற இட்லி.

எனக்கு நிபுணன் பட்டம் கிடைத்தது வாயால். பேசியதால் மட்டும் அல்ல, கடித்ததால். எந்த ஸ்பேர் பார்ட் வந்தாலும் முதலில் மோந்து பார்ப்பேன். அப்புறம் ரப்பர் இருக்கிற இடமாகப் பார்த்து ஒரு கடி. "ஒரிஜினல் ரப்பர் கசக்கும், டூப்ளிகேட் ரப்பர் நாறும்" என்று தீர்ப்புச் சொல்வேன். இது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆனால் நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்பவனை யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை.

கரியாஹாட்டில் முருகையா அண்ணாச்சியின் மளிகைக் கடை. அப்பளம், காப்பித்தூள், புளி என்று நம் ஊர்ச் சாமான் எல்லாம் அங்கேதான். கல்லாவில் அண்ணாச்சியின் மகள் செல்வி உட்கார்ந்திருப்பாள். சார் வீட்டுக்கு ஒரு வாரத்தில் எவ்வளவு காப்பித்தூள் தேவையோ, அதைப் பிரித்துப் பிரித்து தினமும் வாங்கினேன். காரணம் காப்பித்தூள் இல்லை என்று செல்விக்கு ரெண்டாவது நாளே தெரிந்துவிட்டது.

"என்ன டிரைவர் சார், உங்க வீட்டுல காப்பி குடிக்காங்களா, இல்ல காப்பியிலயே குளிக்காங்களா?" என்றாள். பாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழே வங்காளத்தில் ஊறவைத்து எடுத்தது மாதிரி இருக்கும்.

கடைசியில் சாருடைய சம்சாரமே போய் அண்ணாச்சியிடம் பெண் கேட்டார்கள். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லடே. ஊர்லருந்து எங்க அண்ணன் வாராக. அவுக பாத்து சரின்னா சரி. வேண்டாம்னுட்டாக, நீ காப்பித்தூளுக்கு வேற கடை பாத்துக்க வேண்டியதுதான்."

"அவுகளுக்கு என்ன பிடிக்கும் அண்ணாச்சி?"

"என்ன பிடிக்கும்னு தெரியாது. வெக்கை பிடிக்காது. வெக்கையில இருந்தாகன்னா அவுக வாயில நல்ல வார்த்தையே வராது."

போதாதா எனக்கு? செல்வியின் பெரியப்பாவை ஹவுரா ஸ்டேஷனிலிருந்து ஏசி காரில் அள்ளிக்கொண்டு வருவது, அவர் குளிர்ந்துபோய்ப் பெண்ணைத் தருவது. திட்டம் தயார். ஒரே குறை, ஏசி செத்துப்போய் இருந்தது. டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் பெட்டிக்குள் கூலிங் காயில் ஓட்டை.

சாரிடம் போய் நின்றேன். "காரைத் தாராளமா எடுத்துட்டுப் போ, சுடலை. காயிலை மாத்திடு. ஒரிஜினலோ லோக்கலோ, உனக்குத்தான் தெரியுமே, நீயே பார்த்து வாங்கு" என்றார். (பாருங்கள், படித்தவர்!)

எங்கள் மெக்கானிக் கோக்கன்தா. (அங்கே 'தா', 'தாதா' என்றால் அண்ணன்.) கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஷெட். ஒரு நட்டைக் கழற்றுவதற்கு முன் மூன்று டீயும் உலக அரசியலும் முடிய வேண்டும். வங்காளமும் இந்தியும் கலந்து பேசுவார். நான் தமிழாகவே சொல்லிவிடுகிறேன்.

"ஜாதவ்பூர்ல ஒருத்தர் அம்பாசடருக்குன்னே பெட்டியோட செஞ்சு தர்றார். அதை வாங்கிட்டு வா, நாளைக்கே மாட்டலாம்" என்றார்.

போய்ப் பார்த்தேன். நெய் டின்னைத் தட்டி நிமிர்த்தியது மாதிரி ஒரு பெட்டி. கடித்தேன். நாறியது. அப்படியே பஸ் பிடித்துக் கிதிர்பூருக்குப் போனேன். அங்கே கடைக்காரர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, கப்பலில் வந்த சரக்கு என்று சொல்லி, பழைய பேப்பர் சுற்றிய ஒன்றைக் கைக்குழந்தையை எடுப்பதுபோல் எடுத்தார். வெளிநாட்டு எழுத்து, பளபள மூடி, பின்பக்கம் பித்தளைத் தகடு. கடித்தேன். கசந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கோக்கன்தா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒரிஜினல்தான். ஆனா யாருக்கு ஒரிஜினல்? ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிற தேசத்து வண்டிக்கு."

ஏசி ஓடும்போது காற்றில் இருக்கும் ஈரம் காயிலில் பட்டுத் தண்ணீராகும். அது பெட்டியின் அடித்தட்டில் சேர்ந்து, ஒரு ரப்பர் குழாய் வழியாக ரோட்டில் சொட்டும். நம் அம்பாசடரில் அந்தக் குழாய் இறங்குகிற ஓட்டை வலது பக்கம், டிரைவர் காலடியில். என் ஒரிஜினலில் தண்ணீர் வெளியேறும் வாய் இடது பக்கம். அதாவது, முன்சீட்டில் உட்காரும் மரியாதைக்குரியவரின் மடிக்கு நேராக.

"ஒண்ணும் கஷ்டமில்ல. தட்டுல இந்தப் பக்கம் ஒரு ஓட்டை போட்டு, அந்தப் பக்கத்தை அடைச்சிடுவோம்" என்று டிரில்லைத் தூக்கினார் கோக்கன்தா.

நான் குறுக்கே விழுந்தேன். "ஒரிஜினல்ல ஓட்டை போடுறதா? சாமி சிலைக்குக் காது குத்துவீங்களா தாதா? அது எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கணும். குழாயை வளைச்சு இந்தப் பக்கம் கொண்டாங்க."

"வளைச்சா நடுவுல மேடு வருது. தண்ணி மேல ஏறாதுப்பா."

"லோக்கல் பெட்டித் தண்ணி ஏறாது. இது ஒரிஜினல்!"

கோக்கன்தா டிரில்லைக் கீழே வைத்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் குழாயை வளைத்துக் கட்டினார். அவர் பேசாமல் ஒரு வேலையை முடித்தது அன்றைக்குத்தான். அதிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். தெருவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தோம். அப்படிக் குளிர்ந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஒரு சுற்றில் எங்கிருந்து வரும்?

பெரியப்பா வந்திறங்கியது மே மாதத்தில். கல்கத்தா மே மாதக் காற்றைத் துணியைப் போல முறுக்கினால் ஒரு வாளி தண்ணீர் பிடிக்கலாம். ஸ்டேஷனில் கூலிக்காரர்களிடம் பேச அண்ணாச்சிக்கு வங்காளம் போதாது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு செல்வியும் வந்திருந்தாள். பெரியப்பா பெரிய உருவம். ஆளைவிட அகலமான மீசை. புது வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பிளாட்பாரத்திலேயே வெந்து, ஊரையும் ரயிலையும் தம்பியையும் வைதுகொண்டிருந்தார்.

முன்சீட்டில் உட்காரவைத்து ஏசியைத் திருகினேன். ஹவுரா பிரிட்ஜ் பாதி தாண்டுவதற்குள் வசவு நின்றது. ஸ்ட்ராண்ட் ரோட்டில் "பரவாயில்லையே டிரைவரு" என்றார். சௌரங்கியில் குறட்டை. நான் கண்ணாடியில் செல்வியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். கல்யாணமே முடிந்த மாதிரி இருந்தது.

அப்போது மெட்ரோவுக்காக ரோட்டை எல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு பள்ளத்தைத் தாண்டினால் அடுத்த பள்ளம் வா என்று கூப்பிடும். பவானிபூர் அருகே ஒரு கைவண்டி குறுக்கே வந்தது. சடாரென்று பிரேக் போட்டேன்.

"ஹா!" என்று பெரியப்பா விழித்துக்கொண்டார்.

மெல்லக் குனிந்து பார்த்தார். பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் அகலமாக விரித்துக்கொண்டார்.

நான் என்ன புரிந்துகொண்டேன் தெரியுமா? மனுஷனுக்குக் குளிர்கிறது! கல்கத்தா மே மாதத்தில் ஒருவர் போர்த்திக்கொள்கிறார்! ஒரிஜினல் என்றால் சும்மாவா? சந்தோஷத்தில் ஏசியை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

பாலிகஞ்ச் ஸ்டேஷன் அருகே அண்ணாச்சி வீட்டுச் சந்து. லோட்ஷெட்டிங் நேரம். மின்விசிறி இல்லாமல் மொத்தத் தெருவும் வாசலுக்கு வந்திருந்தது. பக்கத்து வீட்டு மாஷிமா தட்டில் சந்தேஷ் இனிப்பு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் இறங்கி, சுற்றி ஓடி, கதவைத் திறந்து, குனிந்து நின்றேன்.

பெரியப்பா இறங்கவில்லை.

"அண்ணே, வீடு வந்துட்டு" என்றார் அண்ணாச்சி.

"வரட்டும்."

"எறங்குங்கண்ணே."

"நான் இங்கனயே இருக்கேன். நீங்க போங்க."

"பெரியப்பா, எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்காங்க" என்றாள் செல்வி.

"நிக்கட்டும்மா. இங்கன குளுகுளுன்னு இருக்குல்லா. கதவைச் சாத்து."

தெரு அதை ரசித்தது. கரண்ட் இல்லாத நேரத்தில் ஏசி காரை விட்டு இறங்காத புத்திசாலி என்று மாஷிமா பாராட்டி, சந்தேஷை ஜன்னல் வழியாகவே நீட்டினாள். பெரியப்பா ஒரு கையால் துண்டை அமுக்கிக்கொண்டு மறு கையால் வாங்கினார். நான் பானெட்டில் சாய்ந்துகொண்டு, கூடிய பையன்களிடம் கூலிங் காயில் பற்றி உரையாற்றிக்கொண்டிருந்தேன்.

சந்து கொஞ்சம் சரிவு. வண்டி இடது பக்கம் சாய்ந்து நின்றது. ஏசி ஓடிக்கொண்டே இருந்தது.

திடீரென்று கதவு படாரென்று திறந்தது. பெரியப்பா வெளியே குதித்தார். துண்டு ஒரு பக்கம், சந்தேஷ் ஒரு பக்கம். வேட்டியின் முன்பக்கம் முழுக்க ஈரம். முகத்திலோ, லாட்டரி விழுந்தவனின் ஆனந்தம்.

"நான் இல்லலே!" என்று கத்தினார். "நான் இல்ல! வண்டி! வண்டிதாம்லே!"

அதுவரை அவரை யாரும் சந்தேகப்படவே இல்லை. இப்போது மொத்தச் சந்தும் வேட்டியைப் பார்த்தது.

பாவம் மனுஷன். வயதானவர், ரயிலில் ரெண்டு ராத்திரி, நல்ல தூக்கம், விழித்தால் மடி ஈரம். வேறு என்ன நினைப்பார்? பவானிபூரிலிருந்து அந்தத் துண்டுக்கடியில் மானத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இப்போது தன் கண்ணாலேயே பெட்டியிலிருந்து தண்ணீர் ஊற்றியதைப் பார்த்துவிட்டார்.

ஆனால் மாஷிமா வாயைப் பொத்திக்கொண்டாள். பையன்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். பெரியப்பாவின் ஆனந்தம் அப்படியே கோபமாகி என் பக்கம் திரும்பியது.

"எவம்லே இந்த வண்டியை ரிப்பேர் பாத்தது?"

"நான்தான்... பாத்து வாங்கினது... ஒரிஜினலு..."

"ஏறுலே! நான் இருந்த எடத்துல உக்காரு. உம் மடியிலயும் ஊத்தணும். ஊரு பாக்கட்டும். ஊத்தலன்னா இந்த வீட்டு வாசல்ல ஒன்னைய நான் பாக்கக்கூடாது."

அன்றைக்கென்றே தைத்த சந்தன நிறப் பேண்ட் போட்டிருந்தேன். உட்கார்ந்தேன். ஏசி உறுமியது. சந்து முழுவதும் ஜன்னல் வழியாக என் மடியைப் பார்த்தது. (இத்தனை பேர் என்னை உற்றுப் பார்த்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.)

ஒரு சொட்டு விழவில்லை. தட்டு இப்போதுதானே காலியாகியிருந்தது!

நேரம் போயிற்று. பெரியப்பாவின் மீசை துடித்தது. அவர் காதில் விழாத மாதிரி யாரோ சிரித்தார்கள், அவர் காதில் விழுந்தது. ஒரிஜினல் என்று தலையில் தூக்கிவைத்து ஆடிய அதே பெட்டியைப் பார்த்து, ஊத்திரு தாயே, ஒழுகிரு, என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

செல்வி ஜன்னலருகே வந்து குனிந்தாள். "தண்ணி உள்ள கெடக்குமா?"

"கெடக்கும். சேரணும். ஆட்டம் குடுத்தா வரும்."

"ஓ பாபா! அதை வாயைத் திறந்து சொன்னா என்ன?" என்றவள் நிமிர்ந்து, பையன்களைப் பார்த்து வங்காளத்தில் ஒரு குரல் கொடுத்தாள்: "தாக்கா தாவோ!"

தள்ளு என்றால் பாலிகஞ்ச் பையன்களுக்குக் கேட்க வேண்டுமா? பானெட்டில் நாலு பேர், டிக்கியில் நாலு பேர். அம்பாசடர் கடலில் போன தோணி மாதிரி ஆடியது. மூன்றாவது ஆட்டத்தில் என் ஒரிஜினல் வாயைத் திறந்தது. பனிக்கட்டி மாதிரித் தண்ணீர், மொத்தமாக, குறிதவறாமல்.

"ஐயோ!" என்று நான் எழுந்து தலையைக் கூரையில் இடித்துக்கொண்டேன். சந்தே கைதட்டியது. மாஷிமாவுக்கு என்ன தோன்றியதோ, கல்யாண வீட்டில் செய்வதுபோல் நாக்கைச் சுழற்றிக் குலவையிட ஆரம்பித்தாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நான் சொட்டச் சொட்ட இறங்கி நின்றேன். பெரியப்பா என் பேண்ட்டைப் பார்த்தார். தன் வேட்டியைப் பார்த்தார். ஒரே இடம், ஒரே அளவு. வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏ முருகையா, ரெண்டு வேட்டி எடுத்துட்டு வா. மாப்ளயும் நனைஞ்சிட்டாருல்லா."

வேட்டி எடுக்கப் போன அண்ணாச்சி பாதியில் திரும்பி வந்தார். "அண்ணே, இப்ப என்ன சொன்னீக?"

"காது கேக்கலயா? மாப்ளைக்கு வேட்டிய எடுன்னேன்."

மறுநாள் கோக்கன்தா ஒரிஜினலில் ஓட்டை போட்டார். நானே பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். கடிக்கவில்லை. டிரில் ஓடுகிற வரைக்கும் அவர் பேசிக்கொண்டே இருந்தார், நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கல்யாணப் பந்தலில் பெரியப்பா இந்தக் கதையை மைக்கிலேயே சொன்னார். ஊருக்குப் போய் அங்கேயும் சொன்னார். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தை படுக்கையை நனைத்தாலும் அதை யாரும் திட்டுவதில்லை. "யாரு, நீயா வண்டியா?" என்றுதான் கேட்போம். போன வாரம் ஜாதவ்பூரில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். காலையில் பேரன் என் பக்கத்தில் முழித்து, நனைந்த மெத்தையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் சரியாக வராது. அந்த அம்பாசடரை அவன் கண்ணால் பார்த்ததும் இல்லை.

"ஆமி நா, தாத்து" என்றான் வெகு தைரியமாக. "காடி!"

நான் இல்லை, வண்டிதான் என்கிறான். செல்வி அடுக்களையிலிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. மெத்தையை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனது நான்.