அண்டா சாரும் ஒரு குடம் தண்ணீரும்

தாம்பரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் ஜனங்கள் ஒரு குடம் தண்ணீருக்காகத் தெருவில் நின்று சண்டை போட்ட கோடையில், தண்ணீரை வெயிலில் காய வைத்த ஒரே மனிதர், இந்தப் பூமியிலேயே ஒரே மனிதர், எங்கள் வீட்டு மாடி ரூமில்தான் குடியிருந்தார். மற்றவர்கள் மாடியில் வற்றல் காய வைப்பார்கள், வடகம் காய வைப்பார்கள். இவர் தண்ணீரைக் காய வைத்தார். அதுவும் இரண்டு அண்டா நிறைய!

அதனால்தான் அவர் அண்டா சார். அவருடைய அம்மா அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்திருக்கும். சேலையூர்ப் பக்கம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. "மாடில அண்டா வெச்சிருப்பாரே" என்றால் ஆட்டோக்காரர் நேராக எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

இது நடந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அண்டா இரண்டும் கல்யாணத்துக்குச் சாம்பார் வைக்கிற அலுமினிய அண்டா. மேற்குத் தாம்பரத்தில் பாத்திர வாடகைக் கடையில் எடுத்தது. ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில் தண்ணீரோடு ஏரியிலிருந்து பிடுங்கி வந்த ஆகாயத்தாமரை. தினமும் காலை ஆறு மணிக்கு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டிலும் ஸ்டீல் ஸ்கேலை விட்டு, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நீளமான நோட்டில் எழுதுவார். தண்ணீர் ரொம்ப இறங்கிவிட்டால் சைக்கிளில் இரண்டு கேன் கட்டி ஏரிக்குப் போய் எடுத்து வந்து, அளந்து ஊற்றி, அதையும் எழுதுவார். மூன்று மாதம் ஒரு நாள் தப்பவில்லை.

வாடகைக் கடைக்காரர் ஒரு நாள் பொறுமை இழந்து வீட்டுக்கே வந்துவிட்டார். "இன்னா சார், மூணு மாசமா கல்யாணம் நடந்துகினே கீது? பொண்ணு வூட்டுக்காரங்க இன்னும் கெளம்பலையா?" என்றார். மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினோம். இரண்டு அண்டாவையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கிறுக்கரிடம் வாடகை கேட்கக்கூடாது என்று முடிவு பண்ணியிருக்க வேண்டும், அப்புறம் அவர் வரவே இல்லை.

நோட்டில் அண்டா சார் எழுதிவைக்கும் குறிப்புகள் தனி ரகம். "காகம் குளித்தது. சிறகு ஐந்து முறை அடித்தது." "குனிந்தபோது என் நெற்றி வியர்வை ஒரு துளி, வெறும் தண்ணீர் அண்டாவில்." வியர்வையையே கணக்கில் எழுதுகிற மனிதரிடம் சண்டை போட்டு ஜெயிக்க முடியுமா? நான் போட்டேன். வீட்டுக்காரி நான்தானே! கீழே நான் பாத்திரம் கழுவிய தண்ணீரை வாழைக்கு விட்டுக்கொண்டிருக்க, மேலே இரண்டு அண்டாத் தண்ணீர் ஆவியாகப் போவதை எத்தனை நாள் பார்ப்பது?

"சார், அந்த ஏரித் தண்ணியைக் கொடுத்தீங்கன்னா துணியாவது அலசுவேன்."

"மேடம், செடி எவ்வளவு தண்ணி குடிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் ஏரி எவ்வளவு நாள் தாங்கும்னு சொல்ல முடியும். தண்ணிக்கும் செடிக்கும் நடுவுல இருக்கற கொடுக்கல் வாங்கல்தான் என் சப்ஜெக்டே."

பக்கத்து வீட்டு மேரி அக்காவுக்கு இந்த விளக்கம் போதவில்லை. "இன்னாம்மா வசந்தி, எட்த்து குட்த்து பண்றதுன்னா எனுக்கு ரெண்டு கொடம் குடுக்கச் சொல்லு. செடிக்கு இன்னாத்துக்கு?" என்றார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சப்ஜெக்டுக்கு ஆள் தேடி விளம்பரம் டைப் அடித்தவளே நான்தான். எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு கல்லூரி புதிதாகப் பல்கலைக்கழகமாகியிருந்தது. நான் அங்கே ஆள் எடுக்கும் பிரிவில் கிளார்க். "ஈக்கோஹைட்ராலஜி, இளம் ஆராய்ச்சிப் பேராசிரியர், ஒரு இடம், வயது முப்பத்தைந்துக்குள்" என்று துணைவேந்தர் வி.சி. சார் கையெழுத்தில் வந்ததை டைப் அடித்துவிட்டு, இப்படி ஒரு பிராணி உலகத்தில் உண்டா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பார்த்தால் என் மாடியிலேயே ஒன்று குனிந்து அளந்துகொண்டிருக்கிறது!

சொன்னதும் அண்டா சார் ஸ்கேலைக் கீழே போட்டுவிட்டார். "மேடம், நிஜமாவா? ஆகஸ்ட் வந்தா எனக்கு முப்பத்தாறு. இதை விட்டா அவ்வளவுதான். அப்பா உரக்கடையில உக்காருன்னு லெட்டர் மேல லெட்டர் போடறார். இன்டர்வியூல காட்டறதுக்கு என்கிட்ட பேப்பர் இல்ல, பெரிய மனுஷங்க சிபாரிசு இல்ல. இந்த நோட்டு மட்டும்தான் இருக்கு." அன்று ராத்திரி ரேடியோவில் எந்தப் பாட்டு வந்தாலும் கூடவே பாடினார். ஒன்றிலும் சுருதி சேரவில்லை.

இன்டர்வியூவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலையில் அளந்து முடித்துவிட்டுக் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு ஏரியைப் பார்க்கக் கிளம்பினார். "நாளைக்குக் காலைல ஆறு மணிக்குள்ள வந்துடுவேன் மேடம். அண்டாவை யாரும் தொடாம இருந்தாப் போதும்" என்றார். சரி சார் என்றேன்.

மத்தியானம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். ஆகாயத்தாமரை இலையெல்லாம் தொங்கிப்போய் இருந்தது. தண்ணீரும் கீழே போயிருந்தது. தண்ணீர் லாரி வந்து மூன்று நாள். வீட்டில் இருந்ததே இரண்டு குடம். நான் திரும்பிக் கீழே வந்தேன். சாப்பிட உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. பசித்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பிடுவது போல ஒரு சங்கடம். எழுந்தேன். பச்சைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறி, செடி அண்டாவில் முழுசாகக் கவிழ்த்துவிட்டு வந்தேன். புண்ணியம் பண்ணிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாடியிலிருந்து ஒரு அலறல். "ஏறியிருக்கு! மேடம், தண்ணி ஏறியிருக்கு!"

மூன்று மாதமாக இறங்கிக்கொண்டே இருந்த தண்ணீர் ஏறினால் விஞ்ஞானிக்கு எப்படி இருக்கும்? சட்டை கூடப் போடாமல் தெருவுக்கு ஓடிவிட்டார். வீடு வீடாகக் கதவைத் தட்டி, "நேத்து உங்க வீட்ல மழை பெஞ்சுதா?" என்று விசாரணை. எங்கள் வீட்டில் பெய்து உங்கள் வீட்டில் பெய்யாமல் இருக்குமா என்று கேட்கக்கூட அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

"லாரித் தண்ணியை யாராவது தப்பா ஊத்திட்டாங்களா?" என்று மேரி அக்காவிடம் கேட்டார்.

"லாரி எங்கபா வந்துச்சு? இன்னியோட நாலு நாளாச்சு. நாங்களே தொண்டை காஞ்சுகினு கீறோம். ஊத்தறதுக்கு எவன் வூட்ல தண்ணி கீது?"

அந்த நிமிஷத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்று மாதமாகத் தண்ணீரை வீணாக்குகிறார் என்று தொண்டை கிழியக் கத்தியவள் நான். கடைசியில் ஊற்றியவளும் நான் என்று எந்த வாயால் சொல்வது? அதுகூடப் போகட்டும். அந்த நோட்டை நம்பித்தான் மனிதர் இருக்கிறார், அதில் நான் ஒரு குடத்தைக் கவிழ்த்துவிட்டேன். என் கணவர் தினமும் "போய்ச் சொல்லிடேன்" என்பார். நானும் காபி டம்ளரோடு மாடிக்குப் போவேன், காபியைக் கொடுத்துவிட்டு இறங்கி வருவேன். ஒன்பது நாளில் அண்டா சார் என் புண்ணியத்தில் ஏகப்பட்ட காபி குடித்தார்.

இன்டர்வியூ நாள் வந்தது. சர்டிபிகேட் கட்டுகளை எடுத்துக் கொடுக்க நான் அறைக்குள்ளேயே ஒரு ஸ்டூலில். நடுவில் வி.சி. சார், பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்த நிபுணர். அவருக்கு மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் சிவப்புப் பேனா.

முதலில் வந்தவர் ரிடையர் ஆன இன்ஜினியர். இளம் பேராசிரியர் என்றுதானே கேட்டிருக்கிறோம் என்றால், "ரிடையர் ஆனப்புறம்தான் சார் மனசு இளசாகுது" என்றார். இரண்டாவது ஆள் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவர். அறையை ஒரு சுற்று வந்து, "இந்த நாற்காலிக்குக் கீழ நல்ல ஊத்து கீது சார்" என்று வி.சி. சாரையே எழுந்திருக்கச் சொன்னார். மூன்றாவது இளைஞர் கெட்டிக்காரர். கோட்டு சூட்டு, கலர் கலராக வரைபடம், எல்லாக் கோடும் வழுக்கிக்கொண்டு போனது. நிபுணர் திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

கடைசியாக அண்டா சார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் அந்த நோட்டு. நிபுணர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். காகத்தில் ஒரு முறை சிரித்தார். வியர்வைத் துளியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எனக்கு நம்பிக்கை வந்தது. அப்போது அந்தப் பக்கம் வந்தது.

"இது என்ன சார்? ஒரே நாள்ல தண்ணி ஏறியிருக்கு. 'காரணம் தெரியவில்லை'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். தெரியல."

"இந்த ஒரு நாளை எடுத்துட்டு அழகா படம் போட்டிருக்கலாமே?"

"போட்டிருக்கலாம் சார். ஆனா அந்த நாளும் நடந்துச்சே."

"காரணம் தெரியாம ஏறுதுன்னா, உங்க அளவு மேலயே சந்தேகம் வருது. மத்த நாளை மட்டும் எப்படி நம்பறது?" நிபுணர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தார்.

நான் எழுந்துவிட்டேன். எழுந்தது எனக்கே தெரியாது. "சார், நான்தான் ஊத்தினேன்! செடி வாடிப்போச்சு சார், மனசு கேக்கல. ஒரு குடம் ஊத்திட்டேன்!"

வி.சி. சார் என்னை முறைத்தார். வேலை போச்சு என்று நினைத்தேன். என் வேலையும் போச்சு, அண்டா சார் வேலையும் போச்சு.

அண்டா சார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். ஏன் ஊற்றினீர்கள் என்று கேட்கவில்லை, ஏன் மறைத்தீர்கள் என்றும் கேட்கவில்லை. முகம் பளபளக்க, "எந்தக் குடம் மேடம்? பச்சையா, நீலமா?" என்றார்.

"பச்சை சார்."

"விளிம்பு வரைக்குமா?"

"கழுத்து வரைக்கும்தான். படியில சிந்தும்னு..."

அவ்வளவுதான். ஒரே தாவலில் கரும்பலகைக்குப் போய்விட்டார். "வழக்கமா ஒரு நாளைக்கு ஒன்பது மில்லிமீட்டர் எறங்கணும் சார். எறங்காம இருபத்திரண்டு ஏறியிருக்கு. அப்போ ஊத்தினது முப்பத்தொண்ணு உயரம். அண்டா அகலம் எழுபது சென்டிமீட்டர்..." சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. "பன்னிரண்டு லிட்டர்! அந்தக் குடம் கழுத்து வரைக்கும் பன்னிரண்டு லிட்டர் பிடிக்கணும். ஒரு டம்ளர் கூடக் குறைய இருக்கலாம், அதுக்கு மேல தப்பாது!"

நிபுணரும் எழுந்துவிட்டார். "அந்தக் குடத்தைக் கொண்டு வாங்க!"

வி.சி. சாரின் ஜீப் சேலையூருக்குப் பறந்தது. திரும்பி வந்தபோது முன் சீட்டில் பச்சைக் குடம், குடத்தைக் கட்டிப்பிடித்தபடி மேரி அக்கா. "பேஜார் புடிச்ச காலம் இது. எவனோ வந்து வசந்தி வூட்டு கொடத்தக் குடுன்னா தூக்கிக் குட்த்துடுவாங்களா? அதான் நானே வந்தேன்" என்று வி.சி. சாருக்கே விளக்கம் சொன்னார்.

கெமிஸ்ட்ரி லேபிலிருந்து லிட்டர் குவளை வந்தது. கல்லூரிக் கிணற்றுத் தண்ணீர் வந்தது. வராந்தாவில் குடத்தைச் சுற்றி வி.சி., நிபுணர், ரிடையர் இன்ஜினியர், தேங்காய்க்காரர், கோட்டு சூட்டு எல்லாரும் குந்தி உட்கார்ந்து, ஊற்ற ஊற்றச் சத்தம் போட்டு எண்ணினோம். ஒன்பது... பத்து... பதினொன்று... பன்னிரண்டாவது குவளையில் தண்ணீர் குடத்தின் கழுத்தைத் தொட்டு நின்றது!

நிபுணர் அண்டா சாரைக் கட்டிக்கொண்டார். "இந்தம்மா உங்களுக்குத் தெரியாம ஒரு பரீட்சை வெச்சிருக்காங்க, நீங்க பாஸ் பண்ணிட்டீங்க. இப்பத்தான் சார் மத்த நாளையும் நம்பறேன்" என்றார். கோட்டு சூட்டுதான் முதலில் கை தட்டினார். மேரி அக்கா மட்டும் காரியத்தில் கண்ணாக, "எண்ணி முட்சிட்டீங்கன்னா அந்தத் தண்ணிய நான் எட்த்துகினு போவட்டா?" என்று கேட்டு, குடத்தை ஜீப்பிலேயே ஏற்றிக்கொண்டு போனார்.

வேலை அவருக்கே கிடைத்தது. ஆர்டரை நான்தான் டைப் அடித்தேன், சந்தோஷத்தில் மூன்று தப்பு. அடுத்த மாதம் குவார்ட்டர்ஸுக்கு மாறிப் போனார். அண்டா இரண்டும் கடைக்காரருக்குத் திரும்பின. அவரும் "முடிஞ்சிச்சா கல்யாணம்?" என்று நிம்மதியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

போகும் நாளில் அண்டா சார் நோட்டைக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். 'காரணம் தெரியவில்லை' என்பதை ஒரு கோடு போட்டு அடித்திருந்தார். மேலே அவருடைய பொடி எழுத்தில், "வசந்தி மேடம், பச்சைக் குடம், பன்னிரண்டு லிட்டர். லாரி வராத மூன்றாம் நாள்" என்று இருந்தது. அன்றைக்கு அந்தக் குடத்தின் அருமை என்ன என்பதையும் சேர்த்து எழுதியிருந்தார் மனிதர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பார்ப்பதற்குள் துடைத்துக்கொண்டேன். விழுந்திருந்தால் அதையும் எழுதியிருப்பார்.

இப்போது எங்கள் வீட்டில் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. மாடியில் தொட்டிச் செடிகள் வைத்திருக்கிறேன். வெயிலில் ஏதாவது வாடினால் உடனே தண்ணீர் கொண்டு ஓடுகிறேன். ஊற்றிய பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன். "எந்தக் குடம் மேடம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்காதா என்று இருக்கும்.