சமையல் சாமானா, இல்லையா

மொந்தெவிதேயோ,
வெள்ளிக்கிழமை.

துராஸ்னோவில் இருக்கும் மதிப்பிற்குரிய நெல்சா அத்தைக்கு, மூத்த மாப்பிள்ளை எல்பியோ வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். அங்கே உங்கள் முழங்கால், கோழிகள், சின்னவள் மைத்தேயின் கல்யாண வேலை எல்லாம் சௌக்கியமாக இருக்க வேண்டும். ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நாம் ஃபோனில் பேசினால் இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீங்களும் மூச்சு விடுவதுதான் கேட்கிறது. அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். உங்கள் மூத்தவள் யனீனாவின் சமையல் சாமான்களைப் பெட்டியில் கட்டி, உங்கள் ஊர் வில்மார் இங்கே வெங்காயம் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது அவன் லாரியில் அனுப்பச் சொன்னீர்கள். “பாத்திரத்தப் பாத்துப் பாத்து நீ உருகாத மாப்ளே, புதுக்குடித்தனம் போற சின்னவளுக்காவது ஆகட்டும்” என்றீர்கள். நானும் சரி என்றேன். அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிரியார் ஏதோ கேட்டதற்கும் சரி என்றேன், அது என்னவென்று இன்னும் தெரியாது, நினைத்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஆனாலும் கொடுத்த சொல் கொடுத்ததுதான். போன சனிக்கிழமையே பெட்டி உங்களிடம் வந்திருக்க வேண்டும். வராததற்குக் காரணம் ஒரே ஒரு பொருள்.

அது ஒரு பீங்கான் வட்டு. உள்ளங்கை அகலம், பழைய வெள்ளை மெருகு, அதில் முடி போல விரிசல் கோடுகள். மேல்பக்கம் வட்டம் வட்டமாக வரிகள். அடிப்பக்கம் சுற்றிலும் ஒரு விளிம்பு, அந்த விளிம்பில் ஓர் இடத்தில் மட்டும் வேண்டுமென்றே ஒரு வெட்டு. உடைசல் இல்லை, வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டேன், செய்யும்போதே விட்ட வெட்டு. ஞாயிற்றுச் சந்தையில், துருப்பிடித்த சாவிகளுக்கும் தலையில்லாத பொம்மைகளுக்கும் நடுவில் யனீனா இதைக் கண்டுபிடித்தாள். எடுத்துப் பார்த்ததுமே சிரிக்க ஆரம்பித்தாள். பேருந்திலும் சிரித்தாள். என்னவென்று கேட்டதற்கு, “நீதான் பெரிய டெக்னீஷியன் ஆச்சே, கண்டுபிடி. அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் தர்றேன், முடியலேன்னா நானே சொல்றேன்” என்றாள். அடுத்த ஞாயிறு உங்களுக்கே தெரியும். அவள் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அடுத்தடுத்த நாற்காலியில் நீங்களும் நானும் உட்கார்ந்திருந்தோம்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். இது சமையல் சாமான் என்றால் பெட்டிக்குள் போக வேண்டும். இல்லை என்றால் என்னிடமே இருக்கலாம், நமக்குள் பேச்சு சமையல் சாமான் பற்றி மட்டும்தானே. எனக்கு எந்தப் பக்கமும் சாய்வு கிடையாது அத்தை. பரிசோதனை செய்கிறவனுக்குச் சாய்வு இருக்கக் கூடாது. ஆனால் இது சமையல் சாமானாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே இருந்தேன், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் வேலைக்குக் கொண்டுபோய் உபால்தோவிடம் காட்டினேன். எங்கள் லிஃப்ட் ரிப்பேர் கோஷ்டிக்குத் தலைவர், என் கல்யாணத்தில் மேசை மேல் ஏறி ஆடி மேசையை உடைத்தாரே, அவரேதான். நம் ஆட்களைத்தான் தெரியுமே, பெயர் தெரியாத எந்தப் பொருளைக் காட்டினாலும் அது மாத்தே இலைத்தேநீர் குடிப்பதற்கு உரியது என்பார்கள். உபால்தோவும் ஒரு நொடி யோசிக்கவில்லை. “டேய், இது மாத்தேக் குடுவைய நிக்க வைக்கிற தட்டுடா. எங்க பெரியப்பா வீட்டுல இருந்துச்சு” என்றார். எனக்குத் திக்கென்றது. “அப்போ சமையல் சாமான்தானா?” என்றேன். “என்னடா பேசுற? மாத்தே எப்படிடா சமையல் சாமான் ஆகும்? அது ஆளோட போறது. வீடு மாறினா அடுப்ப விட்டுட்டுப் போவான், மாத்தேய விட்டுட்டா போவான்?” எனக்கு உயிர் வந்தது. ஆனால் சோதிக்காமல் எதையும் ஒப்புக்கொள்வது எங்கள் தொழிலில் தப்பு என்பதால், மெஷின் ரூமில் கன்ட்ரோல் பெட்டி மேல் வட்டை வைத்து, அதன்மேல் உபால்தோவின் மாத்தேயைத் தளும்பத் தளும்ப வைத்தோம். வட்டு ஒருபக்கம் ஆடியது, குடுவை சாய்ந்தது, சுடுதண்ணீரும் இலைத்தூளும் பெட்டிக்குள் இறங்கின, உள்ளே ஏதோ நீலமாக மின்னியது, கீழே லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது, அதில் ஒரு வயதான அம்மாளும் அவருடைய நாயும் இருந்தார்கள். உபால்தோ ஃபியூஸ் மாற்றும்வரை அந்த அம்மாளுக்குப் பேச்சுத் துணையாக என்னைக் கீழே அனுப்பினார். கதவு இடுக்கு வழியாக என்னைத் திட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள், திடீரென்று நிறுத்தி, “கையில என்னப்பா அது?” என்றார். காட்டினேன். “அட, பல்செட்டு வைக்கிற தட்டு. எங்க வீட்டுக்காரர் கழட்டி இந்த மாதிரி ஒண்ணுலதான் வைப்பாரு. ஒனக்கா? இந்த வயசுலயேவா?” என்றார். பல்செட்டு என்றால் குளியலறைச் சாமான். அவர் வெளியே வந்ததும் நான் அவர் இரண்டு கைகளையும் பிடித்து நன்றி சொன்னேன். மாட்டிக்கொண்டவர்களிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்பதுதான் வழக்கம். அந்த அம்மாள் பயந்துபோய் நாயைத் தூக்கிக்கொண்டார்.

அன்றைக்கே வட்டைக் குளியலறைக் கண்ணாடிக்கு அடியில் சோப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். கெடுத்தது மேல்வீட்டு ஓல்கா. கை கழுவ வந்தவர் பார்த்துவிட்டு, “பல்லு வைக்கிற தட்டா? அப்போ கீழ இந்த வெட்டு எதுக்கு, பல்லு ஓடிப்போறதுக்கு வழியா?” என்றார். “பொம்பளையாப் பொறந்தவ சந்தையில இத எடுத்துச் சிரிச்சிருக்கான்னா இது அடுக்களச் சாமான்தான் தம்பி. ஒளிக்காத. பெட்டியில போடு.” நான் ஒளிக்கவில்லை என்றேன். “பின்ன சோப்புக்குப் பின்னாடி என்ன பண்ணுது?” என்றார். வட்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

இனி விற்றவனைத்தான் கேட்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனேன். தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. அதே சாவிகள், அதே பொம்மைகள், அதே ஆள். வட்டைப் பார்த்ததும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. “சிரிச்சுக்கிட்டே வாங்குச்சே அந்தப் பொண்ணு? அதுக்குத்தான் இது என்னன்னு நல்லாத் தெரியுமே. எனக்கென்னய்யா தெரியும், வீட்டக் காலி பண்றவங்க சாக்குல கட்டித் தர்றத விக்கிறவன் நான். போய் அதையே கேளு.” சரி, கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேற்று மழை. சனிக்கிழமை வில்மார் வருவான் என்று பெட்டியை நூல் போட்டுக் கட்டி, வட்டை மட்டும் மேசைமேல் வைத்து, அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ஓல்கா ஒரு கையில் பாலும் ஒரு கையில் அரிசியுமாக இறங்கி வந்தார், நான் சாப்பிடுவதில்லை என்று அவருக்கு ஒரு சந்தேகம். “பட்ட போட்டுப் பால்சோறு கிண்டப் போறேன், சட்டி எங்க?” என்றார். சட்டி பெட்டியில். “அவுழு” என்றார். அவிழ்த்தேன். கரண்டி பெட்டியில். “அதையும் எடு.” எடுத்தேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, கரண்டியைச் சார்த்தி வைக்க வட்டை எடுத்தவர், ஈரக்கை வழுக்கிப் பாலுக்குள்ளேயே போட்டுவிட்டார். நான் பாய்ந்தேன். “கைய விடாத, வெந்துபோவே. பீங்கான்தானே, கெடக்கட்டும்” என்று தடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து மாடியில் அவர் துணிகள் நனைவது ஞாபகம் வந்து, இரண்டு பேரும் ஓடி, துணிகளை அள்ளிக்கொண்டு படியில் இறங்கினால், சமையலறையில் யாரோ தட்டுகிறார்கள். டக். டக். டக்டக்டக். யாருமில்லாத வீடு அத்தை. ஓல்கா சிலுவை போட்டுக்கொண்டார். நான் போய்ப் பார்த்தேன். பால் விளிம்பு வரைக்கும் ஏறி நிற்கிறது, சட்டிக்குள் அந்த வட்டு குதிக்கிறது. அடுப்பை அணைத்தேன். பால் இறங்கியது. வட்டும் அடங்கியது.

பிறகு புரிந்தது. ஆவி வட்டுக்கு அடியில் சேருகிறது, சேர்ந்து வட்டைத் தூக்குகிறது, வெட்டு வழியாகத் தப்புகிறது, வட்டு விழுகிறது, மறுபடி தூக்குகிறது. பால் பொங்கப் போகிறது என்று ஆளைக் கூப்பிடும் பொருள் அது. உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்: இந்த வீட்டில் பால் காய்ச்சுவது என் பொறுப்பு. நான் பக்கத்திலேயே நிற்பேன், பாலையே பார்த்துக்கொண்டிருப்பேன், மனசு ஏதாவது ஒரு மோட்டாரில் இருக்கும், பால் என் கண் எதிரிலேயே பொங்கி வழியும். ஓல்கா சட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “எத்தன நாளுதான் யனீனாவும் பொறுத்துக்குவா? ஒன்ன நம்பிப் பிரயோஜனம் இல்லேன்னு தட்ட நம்பிட்டா” என்றார்.

சிரித்தேன் அத்தை. அவள் போன பிறகு முதல் தடவையாக. சிரிப்பு நிற்கவில்லை, கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாகவும் இல்லை. ஓல்கா பாலில் அரிசியைப் போட்டுக் கிண்டிக்கொண்டே, “அழு அழு, சோறு வேக நேரமிருக்கு” என்றார்.

ஆக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இது சமையல் சாமான். பேசியபடி அனுப்புகிறேன். என்னுடைய கம்பளிச் சட்டையில் சுற்றிப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறேன், சட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டாம். வெட்டு இருக்கும் பக்கம் அடியில் இருக்க வேண்டும் என்று மைத்தேயிடம் சொல்லுங்கள். தட்ட ஆரம்பித்ததும் ஓடி வரச் சொல்லுங்கள், ரொம்ப நேரம் தட்டாது. மைத்தேக்கும் மாப்பிள்ளைக்கும் என் வாழ்த்துகள், உங்கள் முழங்காலுக்கு நல்ல வெயில் கிடைக்கட்டும், கோழிகள் நரி கண்ணில் படாமல் இருக்கட்டும்.

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
எல்பியோ

பி.கு.: சனிக்கிழமை. வில்மார் வந்தான். பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினான். நான் ஜன்னலில் நின்றேன். லாரிக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டதும் காலுறையோடு தெருவுக்கு ஓடினேன். “என்ன மச்சான், எதையாச்சும் விட்டுட்டியா?” என்றான். எறக்குடா என்றேன். “எத?” எல்லாத்தையும். “அத்த கேட்டா நான் என்னய்யா சொல்றது?” நீ ஒன்றும் சொல்ல வேண்டாம், கடிதம் இருக்கிறது என்றேன். அதனால் அத்தை, உங்களுக்கு வருவது இந்தக் கடிதம் மட்டும்தான். சட்டி, கரண்டி, தட்டு எல்லாம் பழையபடி அலமாரியில் ஏறிவிட்டன. மைத்தேக்கு எல்லாமே புதிதாக நான் வாங்கித் தருகிறேன், இதற்காக என்மேல் கோபப்படுங்கள், ஆனால் நேரில் வந்து கோபப்படுங்கள். வில்மார் அடுத்த வாரமும் வெங்காயம் ஏற்றிக்கொண்டு வருகிறானாம், முன் சீட்டு காலியாகத்தான் இருக்குமாம். ஏறி வந்துவிடுங்கள்.