மாப்பிள்ளை காரும் கொஞ்சம் கூடுதல் பிக்கப்பும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தப்பு என்னுடையதுதான். பதினோரு வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன், எரிவதற்கு எரிபொருளும் காற்றும் வேண்டும் என்று கரும்பலகையில் நூறு முறையாவது எழுதியவன், அந்த ஒரே வரியை மறந்ததால்தான் திருப்போரூரில் நடுத்தெருவில் மானம் போனது. இதை யார் முன்னாலும் சொல்வேன்.

ஆனால் மற்றவர்கள் இந்தக் கதையைச் சொல்கிற விதம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் தங்கை மல்லிகா சொன்னால் கார் ஆளில்லாமல் தெருவில் ஓடுகிறது. ஒன்றுவிட்ட சித்தப்பா ஒருவர் சொன்னால் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வருகிறது. (அந்தச் சித்தப்பா கல்யாணத்துக்கே வரவில்லை. அது வேறு விஷயம்.) கார் நின்ற இடத்தை விட்டுத் தானாக ஓர் அங்குலம் நகரவில்லை ஐயா! எந்த வண்டியும் மணியடிக்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு பழைய டீசல் கார் வாங்கினேன். எனக்கு முன்னால் மூன்று பேர் வைத்திருந்தது. உட்கார்ந்தால் சோபா மாதிரி இருக்கும். வேகத்திலும் சோபா மாதிரிதான் இருக்கும். அப்பா போன பிறகு குடும்பத்துக்கு நான்தான் பெரியவன் என்பதால், ஒரு கார் இருந்தால் கொஞ்சம் எடுப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

அந்த வருடமே மல்லிகாவுக்குக் கருங்குழியில் இடம் அமைந்தது. மாப்பிள்ளை சேகர் வாய் திறக்காத நல்ல பையன். அவன் திறக்காத வாய்க்கும் சேர்த்து அவனுடைய அம்மா விசாலாட்சி திறப்பார். கணவர் போன பிறகு அரிசி மில்லைத் தனி ஆளாக நடத்துகிறவர். நெல் மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை கிலோ குறைகிறது என்று சொல்கிற கண். அந்தக் கண்ணால்தான் என் காரைப் பார்த்தார்.

நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் அவர்களை மாமல்லபுரம் கூட்டிப்போனேன். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு சின்ன மேடு. நடந்து போகிறவர்களுக்கு அது மேடு என்றே தெரியாது. என் காருக்குத் தெரிந்தது. இரண்டாவது கியருக்குப் போய், முதல் கியருக்கு வந்து, முனகிக்கொண்டு ஏறும்போது, காலி மீன் கூடை கட்டிய ஒரு மொபெட்காரர் எங்களைத் தாண்டிப் போனார். போகும்போது ஹாரன் வேறு அடித்தார்.

பின் சீட்டிலிருந்து விசாலாட்சி அம்மாள் குரல் வந்தது.

"இன்னா தம்பி, அந்தாளு மாமல்லபுரம் போயி, மீன் வாங்கினு திரும்பி வரச்சொல்லோ கூட நாம இங்கியேதான் கீவோம் போலகீதே?"

சேகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

"மாப்ள அழைப்புக்கு எங்க கார்தான்னு சொன்னியே, இதானா அது?"

"இதேதான்மா."

"வாடகைக்கு ஒண்ணு சொல்லிடு தம்பி. எம்புள்ள முகூர்த்தத்துக்குள்ள மண்டபத்துக்கு வந்தாவணும்ல."

மாப்பிள்ளை அழைப்பு முதல் நாள் சாயங்காலம். முகூர்த்தம் மறுநாள் காலை. அதாவது இந்தக் காருக்கு ஓர் இரவு முழுவதும் அவகாசம் கொடுத்துவிட்டுப் பேசுகிறார்! எனக்குக் காது சுட்டது. "வேற வண்டியே கிடையாதும்மா. மாப்பிள்ளை இதுலதான் வருவார். எப்படி வர்றார்னு மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. இதில் தோற்றால் நானாவது செங்கல்பட்டில் இருந்துகொள்வேன். அந்த வீட்டில் வாழப்போகிற மல்லிகா ஒவ்வொரு நாளும் காலைக் காப்பியோடு இதைக் கேட்டாக வேண்டும். சீர் என்ன செய்தான் உங்கண்ணன் என்பதைவிடக் கார் என்ன ஆச்சு என்பது பெரிய கேள்வியாகிவிடும்.

அன்றிலிருந்து காருக்குக் கொஞ்சம் பிக்கப் ஏற்றுவது என்று இறங்கினேன். கையில் இருந்தது கல்யாணச் செலவு போக மிச்சம், அதாவது ஒன்றுமில்லை. குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. சொந்தமாக சைக்கிள்கூட இல்லாதவன் எல்லாம் டீக்கடையில் டீசல் என்ஜினுக்கு வைத்தியம் சொன்னான். சைலன்சருக்குள் இருப்பதை எல்லாம் பிடுங்கி எறி என்றான் ஒருவன். டீசலில் மண்ணெண்ணெய் கலந்து ஊற்று என்றான் இன்னொருவன். பொருட்காட்சியில் ஒரு கடைக்காரர் டீசல் குழாயைச் சுற்றி மாட்டுகிற காந்தம் விற்றார். அது டீசலை 'வரிசைப்படுத்தி' அனுப்புமாம். டீசலுக்கும் காந்தத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பது ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். நான் ஒன்றுக்கு இரண்டாக வாங்கினேன். (இன்றைக்கும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் பால் கணக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவை அவைதான். அந்த வேலையை நன்றாகச் செய்கின்றன.)

கடைசியில் மெக்கானிக் காதர் பாயிடம் போனேன். பைபாஸ் ஓரம் அவருடைய ஷெட். பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, வண்டிக்கி ஒண்ணும் இல்ல. மூச்சு வாங்க முடியாம கீது, அவ்ளோதான். புதுசா எதுவும் மாட்ட வேணாம். இருக்கிறத ஒழுங்கா வெச்சாலே பறக்கும்."

டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார். டீசல் ஃபில்டரை மாற்றினார். டேப்பெட் அட்ஜஸ்ட் பண்ணி, பம்பைச் சரிபார்த்தார். பிரேக் பிடித்தபடியே ஓடிக்கொண்டிருந்த பின் சக்கரத்தை விடுவித்தார். ("இத்தினி நாளா பிரேக்க அமுத்திகினேதான் ஓட்டினு இருந்த நைனா!") பிறகு காற்று வடிகட்டிக்கு வந்தார். அந்தக் காலத்து டீசல் கார்களில் அது ஒரு தகர டப்பா. அடியில் கொஞ்சம் ஆயில் நிற்கும். உள்ளே போகிற காற்றின் தூசு அந்த ஆயிலில் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான காற்று ரப்பர் குழாய் வழியாக என்ஜினுக்குப் போகும். டப்பாவைக் கழுவிப் புது ஆயில் ஊற்றி, உள்ளே ஒரு கோட்டைக் காட்டினார்.

"இந்தக் கோடு வரிக்கும்தான். மேல ஒரு சொட்டு ஊத்தாதே."

"ஊத்தினா?"

"ஊத்தாதேன்றேன், இன்னா கேள்வி?"

இதுதான் எனக்குப் பிடிக்காத பதில். காரணம் சொல்லாமல் ஓர் ஆசிரியரிடம் எதையும் சொல்லக் கூடாது.

மறுநாள் கேளம்பாக்கம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு டவுன் பஸ்ஸைத் தாண்டினேன். (பஸ் ஸ்டாப்பில் நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்த பஸ்!) கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்துடன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை பானட்டைத் திறந்து அந்த டப்பாவைப் பார்த்தேன். ஆயில் கோட்டளவில்தான் இருந்தது. எனக்குள் இருந்த இயற்பியல் விழித்துக்கொண்டது. கொஞ்சம் ஆயிலே இவ்வளவு தூசு பிடிக்கிறது என்றால், நிறைய ஆயில் நிறையப் பிடிக்கும். தூசு குறைந்தால் காற்று சுத்தம். காற்று சுத்தமானால் பிக்கப்! போதாததற்கு வீட்டில் விசேஷம். காமாட்சி விளக்கில் அம்மா எண்ணெயை வழிய வழிய நிரப்பிக்கொண்டிருந்தாள்; நல்ல காரியத்தில் எதையும் குறைவாக ஊற்றக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நானும் வாய்வரை ஊற்றி மூடினேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு, மண்டபம் இருந்த திருப்போரூரில், பிள்ளையார் கோயில் வாசலிலிருந்து ஊர்வலம். காருக்குப் பூ அலங்காரம் செய்தவர் ரசனைக்காரர். பானட் முழுக்க மல்லிகைச் சரத்தை வலைபோலப் பின்னி, மிச்சமிருந்த சரத்தால் பின்கதவுகளின் கைப்பிடிகளையும் இழுத்துக் கட்டிவிட்டார். சேகர் புது கோட்டு சூட்டில் பின் சீட்டில் மாலையோடு உட்கார்ந்திருந்தான். முன்னால் நாதஸ்வரம், தவில். இரு பக்கமும் தாம்பாளம் ஏந்திய பெண்கள். பக்கவாட்டில், ஜன்னலுக்கு நேராக, பட்டுப் புடவையில் விசாலாட்சி அம்மாள் நடந்து வந்தார். என்னையும் காரையும் கண்காணித்தபடி.

இங்கேதான் எனக்கு ஒன்று புரிந்து வயிறு எரிந்தது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் கார் நடக்கிற வேகத்துக்கும் குறைவாகத்தான் போக வேண்டும்! நாதஸ்வரக்காரர் நாலடி நடப்பார், நின்று பத்து நிமிடம் வாசிப்பார். என் கார் எந்தப் பழுதும் பார்க்காமலே இந்த வேலைக்குப் பிறந்த கார். இத்தனை பாடுபட்டுச் சேர்த்த பிக்கப்பை நான் யாரிடம் காட்டுவது?

மண்டபம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், தெரு முனையில் ஊர்வலம் நின்றது. நாதஸ்வரம் விஸ்தாரமாக இறங்கியது; தவில்காரர் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார். விசாலாட்சி அம்மாள் ஜன்னலில் குனிந்தார்.

"பரவால்லயே தம்பி, இந்த வேகத்துக்கு வண்டி சரியாத்தான் கீது."

அவ்வளவுதான். கியரை நியூட்ரலில் போட்டு, ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தேன். கேட்டுக்கொள்ளட்டும் என்று.

என்ஜின் கர்ஜித்தது. திருப்தியாகக் காலை எடுத்தேன். கர்ஜனை குறையவில்லை. கூடியது. சாவியைத் திருகினேன். கூடியது. என்ஜினை நிறுத்துகிற ஸ்டாப் கம்பியை இழுத்தேன், கம்பி கையோடு வந்ததே தவிர என்ஜின் நிற்கவில்லை. பின்னால் நீலமும் வெள்ளையுமாகப் புகை கிளம்பித் தெருவை மூடியது. எனக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. குடிக்க எண்ணெயும் காற்றும் கிடைத்தால் போதும். நான் நிரப்பி வைத்த ஆயிலைக் காற்றோடு சேர்த்து உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருக்கிறது. டீசலை நிறுத்தி என்ன பயன்? அதற்கு இப்போது டீசலே தேவையில்லை. கியரில் போட்டு அணைக்கலாம் என்றால், எதிரே தவில்காரர் உட்கார்ந்திருக்கிறார்.

"கார் வெடிக்கப் போவுதுடா!" என்று யாரோ கத்தினார்கள். உட்கார்ந்திருந்த தவில்காரர் தவிலை விட்டுவிட்டு ஓடினார். சேகர் கதவைத் தள்ளினான். பூச்சரம் விடவில்லை. மாலையோடு ஜன்னல் வழியாகப் பாதி வந்து, கோட்டு மாட்டிக்கொண்டு, "மச்சான்! மச்சான்!" என்று தொங்கினான். நான் இறங்கி, என்ன செய்தேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நின்றேன். கையில் ஸ்டாப் கம்பியோடு நின்றேன்.

விசாலாட்சி அம்மாள் ஓடவில்லை.

"மில்லு என்ஜினு மேரியே பிச்சிகினு போவுது! பானட்ட தொற!" என்றார். நான் திறப்பதற்குள் மல்லிகை வலையை இரண்டு கையாலும் கிழித்தெறிந்து அவரே திறந்தார். டப்பாவிலிருந்து என்ஜினுக்குப் போகிற ரப்பர் குழாயின் டப்பாப் பக்க முனையை ஒரே இழுப்பில் பிடுங்கினார். பக்கத்தில் உறைந்து நின்ற என் அத்தையின் கையிலிருந்த எவர்சில்வர் தாம்பாளத்தை வாங்கி, அதிலிருந்த ஆப்பிள்களைத் தெருவில் கொட்டி, குழாயின் வாயில் தாம்பாளத்தை வைத்து அழுத்தினார். தாம்பாளம் 'சப்'பென்று ஒட்டிக்கொண்டது. என்ஜின் இருமியது, உடம்பெல்லாம் உதறியது, நின்றது.

எரிவதற்குக் காற்று வேண்டும். பதினோரு வருடம் நான் கரும்பலகையில் எழுதிய வரி. அதைக் கருங்குழி மில்லுக்காரம்மா தாம்பாளத்தால் நடத்திக் காட்டினார்.

தெருவில் ஓர் ஆப்பிள் சாக்கடையை நோக்கி உருண்டுகொண்டிருந்தது. அவருடைய பட்டுப் புடவை முழுக்க ஆயில். மண்டப வாசலில் மல்லிகா நின்று பார்ப்பது தெரிந்தது. இந்தம்மாள் இப்போது திரும்பி நடந்தால் என் தங்கையின் கல்யாணம் இந்த முனையோடு முடிந்தது என்று நினைத்தேன். அந்தப் பயத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அவர் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எவன் ஊத்தனான் இம்மாம் ஆயிலு?"

"நான்தாம்மா."

"இன்னாவா கீற நீ?"

"இயற்பியல் ஆசிரியர்."

ஆயில் விரலைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டார். பிறகு வாசல் பக்கம் கையை நீட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "பொண்ணு மேல ஒரு கொறையும் இல்ல. எம்மருமவ அவ. அண்ணங்காரன்தான் கொஞ்சம் வேகம் ஜாஸ்தி. ஏய் சேகரு, உள்ள போய் ஒக்காரு. எல்லாரும் வந்து தள்ளுங்க."

தள்ளினோம். இரு வீட்டு ஆண்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினோம். தவில்காரர் திரும்பி வந்தார். நாதஸ்வரம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. கார் தாளத்துக்குச் சரியாக நகர்ந்தது. "இப்பதான் ஒழுங்கா போவுது" என்றார் விசாலாட்சி அம்மாள். மல்லிகா சிரிப்பை அடக்க முடியாமல், பக்கத்தில் நின்றவர் கையிலிருந்த ஆரத்தித் தட்டைச் சாய்த்துவிட்டாள்.

அந்தத் தாம்பாளத்தின் நடுவில் அன்று விழுந்த வட்டப் பள்ளம் இன்னும் இருக்கிறது. விசாலாட்சி அம்மாள் அதைச் சீரோடு சேர்த்துக் கருங்குழிக்கு எடுத்துப் போய்விட்டார். இரு வீட்டிலும் எந்த விசேஷம் என்றாலும் அது வந்துவிடும். சந்தனக் கிண்ணம் அந்தப் பள்ளத்தில் அளவெடுத்தாற்போல் உட்காரும். பார்க்கிறவர்கள் ஒவ்வொருவரும் பள்ளத்துக்குக் காரணம் கேட்பார்கள். மல்லிகா ஒவ்வொரு முறையும் சொல்வாள், ஆளில்லாமல் கார் ஓடுவதைச் சேர்த்து.

போன மாதம் அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம். வந்திருந்த பையன்களில் ஒருவன் தன் பழைய டீசல் காருக்கு மலிவாக எதையோ மாட்டி வேகம் கூட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். விடுவேனா? நாசிலில் தொடங்கினேன். காந்தக் கடைக்காரரைத் திட்டினேன். டீக்கடை வைத்தியர்களைத் திட்டினேன். காரணம் சொல்லாத மெக்கானிக்குகளைத் திட்டினேன். இந்தக் கதையைத் திரித்துச் சொல்கிற உறவினர்கள் மீது வந்தபோது குரல் நன்றாகவே உயர்ந்துவிட்டது. அரைமணி நேரம் இருக்கும் என்றார்கள் பிறகு. என் மனைவி கையைப் பிடித்தாள், நிற்கவில்லை. மல்லிகா, "அண்ணா, போதும்ணா" என்றாள், நிற்கவில்லை.

மூலை நாற்காலியில் சாய்ந்திருந்த விசாலாட்சி அம்மாள் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. எதிரே இருந்த தாம்பாளத்திலிருந்து சந்தனக் கிண்ணத்தை மெதுவாக எடுத்துக் கீழே வைத்தார். தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கி, பள்ளம் என் பக்கம் தெரியும்படி என் வாய்க்கு நேராக நீட்டினார்.

நான் நின்றுவிட்டேன்.