இடப்பக்கம் ஒரு மருந்து, வலப்பக்கம் ஒரு மருந்து

சாம்பிள் பார்க்காமல் எங்கள் பக்கத்து வீட்டுச் சாம்பிள் மாமா சம்மதித்த காரியம் இந்த வேலம்பாளையத்திலேயே ஒன்றுகூடக் கிடையாது. பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிறவர். இட்லிக் கடையில் ஒரே ஒரு இட்லி வாங்கி, பிட்டுப் பார்த்து, "ஓகேங்க, மிச்சத்தக் கொண்டாங்க" என்பார். தாலி கட்டுவதற்கு முன்னால் வேறொரு கயிற்றில் முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தார் என்று அவர் மனைவியே சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு அந்தச் சமயம் சிரிப்பே வரவில்லை. என் நான்கு வயது மகனுக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. தையல் போடும் இடத்தில் மரத்துப்போக ஊசி போடுவார்களாம். அதில் லிக்னோகெய்ன் சட்டென்று பிடிக்கும், சீக்கிரம் விட்டுவிடும். புபிவகெய்ன் மெதுவாகப் பிடிக்கும், பல மணி நேரம் நிற்கும். குழந்தைக்கு இரண்டாவதுதான், எடைக்குத் தகுந்த அளவில், என்று டாக்டர் தெளிவாகவே சொன்னார். எனக்குத்தான் தெளியவில்லை. சீக்கிரம் விட்டால் அழுவானே. நெடுநேரம் நின்றால் கால் அப்படியே மரத்துப் போய்விடுமோ? டாக்டரிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன். போதாததற்கு ஃபோனிலும் தேடிப் பயத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டேன்.

மாமாவிடம் புலம்பினேன். அவருக்கும் குடலிறக்கம், அதுவும் இரண்டு பக்கமும். அதே டாக்டரிடம், என் மகனுடைய ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால் அவருக்கு ஆபரேஷன். நேராகப் போய்க் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க டாக்டர், எனக்கு எடது பக்கம் சீக்கிரம் விடற மருந்து, வலது பக்கம் ரொம்ப நேரம் நிக்கற மருந்து போடுங்க. சாம்பிள் பாத்துரலாம்."

"இதென்ன டி-ஷர்ட்டுங்களா?"

"டி-ஷர்ட்டுக்கே பாக்கறமுங்க."

இரண்டும் வழக்கமான மருந்துதானே என்று டாக்டர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

ஆபரேஷன் முடிந்து நான் பார்க்கப் போனபோது மாமா பாதி முகத்தைச் சுளித்துக் கிடந்தார்.

"எடது பக்கம் உசுரு போகுது கண்ணு. வலது பக்கம் மரத்துக் கெடக்குது, எம்பட உடம்பாட்டவே இல்ல. காலு? இந்தா பாரு!" இரண்டு கால் விரல்களும் ஜோராக ஆடின.

நர்ஸ் வலி மாத்திரையோடு வந்தார்.

"இப்ப வேண்டாமுங்க அம்மணி. அதப் போட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணாயிரும். ரிசல்ட்டு கெட்டுப்போயிரும்."

"ஊரே வலி வேண்டாங்குது, இந்த மனுசனுக்கு ஒரு பக்கம் மட்டும் வேணுமாம்!" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். சாயங்காலம் வலப்பக்கமும் மெல்ல வலிக்கத் தொடங்கிய பிறகுதான் மாமா மாத்திரையை விழுங்கினார்.

அடுத்த வாரம் என் மகன் மயக்கம் தெளிந்து, அழாமல் பிஸ்கட் கேட்டான். போர்வையை உதைத்துத் தள்ளினான். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"மாமா பார்த்துச் சொன்னதாலதான் எனக்குத் தைரியமுங்க" என்றேன் டாக்டரிடம்.

"எது ரொம்ப நேரம் நிக்கும்னு எங்களுக்கே தெரியும், பாக்கவே வேண்டாம்னு அவர்கிட்ட சொன்னேங்க" என்றார் டாக்டர். "'எனக்குந் தெரியுமுங்க. பையனப் பெத்த அந்தப் புள்ள கண்ணுல பாக்காமத் தூங்காதுங்க'ன்னாரு."