பாலம் கேட்கத் தெரியாத தம்பிக்கு

நோர்வூட்,
3.7.1998

வட்டவளையில் சுகமாக உட்கார்ந்திருக்கும் தம்பி சிவசாமிக்கு, அக்கா வேலாயி எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நான் நடமாடுகிறேன். உன் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

எங்கள் லயத்து வீடுகளுக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற ஓடைப் பலகையைப் போன மழை அடித்துக்கொண்டு போனது உனக்குத் தெரியும். பேத்தி பிரியந்தியைப் பெண் கேட்டு வந்த மஸ்கெலியா லெட்சுமி, "மொதல்ல பாலத்தப் போடுங்க, அப்புறம் தேதி குறிப்போம். பட்டுச்சேலையோட முழங்கால் தண்ணியில எறங்க நான் என்ன மீன் புடிக்கவா வாறேன்?" என்று சொல்லிவிட்டுப் போனதும் தெரியும். அதற்காகத்தானே ஹட்டனில் உள்ள வெளிநாட்டு உதவி ஆபீசுக்கு இங்கிலீஷில் மனு எழுதச் சொன்னோம், முப்பது வருஷம் கிளாக்கராக இருந்தவனாயிற்றே என்று. நீ பேனையைக் கடித்துக்கொண்டு, "பிரிட்ஜுன்னு எல்லாரும் எழுதுவாங்கக்கா. ஃபோர்டுன்னு எழுதுனாத்தான் படிச்சவன்னு மதிப்பாங்க" என்றாய்.

மதித்தார்கள். செவ்வாய்க்கிழமை அந்த ஆபீசிலிருந்து சிங்கள ஐயா ஒருவர் ஜீப்பில் வந்தார், சப்பாத்தைக் கழற்றினார், ஓடையில் இறங்கி அக்கரை போய்த் திரும்பி வந்தார். "ஆச்சி, நீங்க கேட்டது இங்க இருக்குத்தானே!" என்று சிரித்து நம் மனுவில் குறுக்கே கோடு கிழித்துவிட்டுப் போய்விட்டார். யாழ்ப்பாணத்து டீச்சர் கனகாம்பிகையிடம் ஓடினேன். அந்தப் பிள்ளை பேசின் சட்டியில் தண்ணீர் வைத்து, குறுக்கே கோடு போடுகிற அடிமட்டத்தைப் போட்டது. "இது பிரிட்ஜ், ஆச்சி. கல்வெர்ட் எண்டா றோட்டுக்குக் கீழால தண்ணி போற குழாய். காஸ்வே எண்டா தாழ்வான றோட்டு, வெள்ளம் வந்தா மேலால பாயும். ஃபெரி எண்டா ஆக்களை ஏத்துற படகு. உங்கட தம்பி எழுதின ஃபோர்டு எண்டா, ஆழமில்லாத தண்ணியில இறங்கி நடந்து போற இடம்..." என்று இரண்டு விரலைத் தண்ணீருக்குள் விட்டு நடத்திக் காட்டியது.

இத்தனை சொல் இருக்க, ஒரு கல்கூட வைக்க வேண்டாத சொல்லைப் பார்த்தா பிடித்தாய்? ஃபெரி என்று எழுதியிருந்தால் படகாவது வந்திருக்கும். எழுபத்துநாலாம் வருஷப் பஞ்சத்தில் என் பங்கு ரொட்டியைத் தின்றுவிட்டு எலி மேல் பழி போட்டவன்தானே நீ. கல்யாணம் நின்றால் உன் வாசலை நான் மிதிக்க மாட்டேன், என் வாசலுக்கு நீயும் வராதே.

மீனம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் முழு ஆசீர்வாதம். மிச்சமிருந்தால் உனக்கு.

அக்கா வேலாயி

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்குள் அந்த ஆபீஸ் ஆட்கள் வந்து ஓடைக்கரையில் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் ஃபோர்டு என்று பெயர்ப்பலகை நட்டுவிட்டார்கள். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாத லெட்சுமி வந்து பார்த்து, "பலகையே வச்சிட்டாங்க, இனிப் பாலம் வராம எங்க போகும்?" என்று ஆவணியில் தேதி குறித்துவிட்டாள். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிட்டது. நீ கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னாடியே வந்து அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நில். யார் கேட்டாலும் பாலம் என்றே வாசி.